அடைமழையில் போய்ப் பார்த்த தெரு: மதுரையில் வீடு வாங்க இடம் தேர்ந்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் குடும்பம் ஒன்றல்ல. மதுரையில் வீடு தேடியவர்களுக்கு அடிக்கடி நேர்வதை ஒரே குடும்பத்தின் மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறோம். வீட்டு விலை, அளவு, நேரம் எல்லாம் அந்தக் குடும்பத்துக்காக வைத்துக்கொண்ட கணக்கு. ஊர், சட்டம், கட்டணம் பற்றிய செய்திகள் உள்ளது உள்ளபடி.

வீட்டில் ஆறு பேர், எல்லீஸ் நகரில் வாடகை. கணவருக்கு ஒத்தக்கடைப் பக்கம் வேலை. மனைவி திருமங்கலம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. மூத்தவள் ஆறாம் வகுப்பு, இளையவன் இரண்டாம் வகுப்பு. தாத்தாவுக்கு 74 வயது, ஸ்டென்ட் வைத்தவர். பாட்டிக்கு 68, முழங்கால் தேய்மானம். கையிருப்பு 22 லட்சம், வங்கி தருவதாகச் சொன்னது 48 லட்சம். ஆக 70 லட்சம். தரகரிடம் எடுத்த எடுப்பில் இந்த 70-ஐச் சொன்னதுதான் அவர்கள் செய்த முதல் தவறு. அதன் பிறகு அவர் காட்டியதெல்லாம் 68, 70 லட்சத்து வீடுகள்.

70 லட்சம் கையில் இருந்தால் 70 லட்சத்துக்கு வீடு வாங்க முடியாது. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, சேர்த்து 9. பேசிய விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மேல் இது விழும். வீடு 61 லட்சம் என்றால் இதற்கே 5 லட்சத்து 49 ஆயிரம் போய்விடும். மீதி மூன்றரை லட்சத்தில் வக்கீல் கருத்து, தரகு, பெயிண்ட், பிளம்பிங், வீடு மாற்றும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே இவர்களுடைய உச்சவரம்பு 61 லட்சம்தான். வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் என்றால் வங்கி மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் தரும், பத்திரச் செலவை அதில் சேர்க்காது. 48 லட்சத்தை எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை 41,650 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றே அண்ணா நகர், கே.கே.நகர் இரண்டும் பட்டியலிலிருந்து விழுந்தன. அந்தப் பணத்துக்கு அங்கே ஃபிளாட் பார்க்கலாம், தனி வீடு எட்டாது.

யாருக்கு எத்தனை நடை

அடுத்து அவர்கள் உட்கார்ந்து எழுதியது ஒரு நடைக் கணக்கு: யார், எங்கே, வாரத்துக்கு எத்தனை நடை, இன்னும் எத்தனை ஆண்டுக்கு. கணவருக்கு வாரம் 12 நடை, வேலை மாறும் எண்ணம் இல்லை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 10 நடை, இளையவன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் பத்து ஆண்டு இருக்கிறது. மனைவிக்கும் 10 நடைதான், ஆனால் அரசுப் பணி, மாறுதல் வரும். தாத்தாவுக்கு மாதம் ஒரு நடை. அதோடு எப்போது வரும் என்று சொல்ல முடியாத ஒரு ராத்திரி நடையும் இருக்கிறது.

இப்படி எழுதாமல் ஊரைத் தேடுகிறவர்கள், யாருடைய குரல் வீட்டில் ஓங்கி ஒலிக்கிறதோ அவருடைய வேலையிடத்துக்குப் பக்கமாகவே போய் விழுவார்கள். ஒத்தக்கடையும் திருமங்கலமும் ஊரின் இரு கோடி, நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் வீடு பிடித்தால் இருவருக்கும் நெரிசல்தான் மிச்சம். மாறுதல் வரக்கூடிய வேலைக்கு எடை குறைத்துப் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அந்தக் குறைப்பின் பாரத்தைச் சுமப்பது மனைவிதான். மாறுதல் கிடைக்கும் வரை நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் கழியும் என்பதை அவர் முன்னால் வைத்துப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் அப்படிப் பேசினார்கள்.

நடைக் கணக்கில் இன்றைக்கு ஓடுகிற பேருந்தையும் இன்றைக்கு இருக்கிற பாலத்தையும் மட்டுமே எழுத வேண்டும். திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 31.93 கிலோமீட்டருக்கு மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லியே மனை விற்றவர்கள் உண்டு. அந்தத் திட்டத்தை 2025 நவம்பரில் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நட்டது 2019 ஜனவரி 27. அன்றே அதைச் சுற்றி விலை ஏறியது, கட்டடமோ ஆண்டுக்கணக்கில் எழும்பவில்லை. வந்தால் நல்லதுதான். வருவதற்கு முன்பே அதற்கு நாம் விலை கொடுக்கக் கூடாது.

சட்டென்று விழுந்த இடங்கள்

திருநகரை மனைவி விரும்பினார். விரும்பக் காரணமும் இருந்தது. நேர்நேரான தெரு, அகலமான மனை, முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று எண்ணிச் சொல்லும்படி பேருந்து நிறுத்தங்கள், பக்கத்திலேயே திருப்பரங்குன்றம் ரயில் நிலையம். தென்மேற்கில் வேலை உள்ள குடும்பத்துக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது இந்த இடத்தைத்தான். ஆனால் கணவர் வாரம் 12 முறை ஊரைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். அதனால் விட்டார்கள்.

அவனியாபுரத்தில் விலை கட்டுப்படியானது. மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அங்கே வெள்ளக்கல்லில் இருக்கின்றன. அங்கே வீடு பார்ப்பவர்கள் பகலில் ஒரு முறை போய்விட்டு வந்தால் ஒன்றும் தெரியாது. கோடையில் குப்பை தீப்பிடிக்கும் நாட்களில் ராத்திரி 9 மணிக்கு மேல் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று திரும்பும் ஆடியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை பார்ப்பது இன்னும் நல்லது. அதே அவனியாபுரத்தில் புகையே எட்டாத தெருக்களும் உண்டு, ஊர்ப் பெயரை வைத்து ஒதுக்க வேண்டியதில்லை. இவர்கள் போன இரண்டு ராத்திரியில் ஒன்றில் வாடை இருந்தது. தாத்தாவின் நெஞ்சுக்கு அது ஆகாது என்று விட்டார்கள். விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடிப் பக்கம் மனை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓடுபாதையை 7,500 அடியிலிருந்து 12,500 அடியாக நீட்டும் பணிக்கான நிலமெடுப்பில் அந்தச் சர்வே எண் வருகிறதா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மாசி வீதிகளுக்குள் வாழ வேண்டும் என்பது பாட்டியின் ஆசை. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. பின்னால் மாடி எடுக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். தேரோட்ட நாளில் ஆம்புலன்ஸ் உள்ளே வருவது பெரும்பாடு. ஆசைக்கு மாற்றாக, வாங்குகிற வீட்டிலிருந்து கோயிலுக்குப் பக்கத்தில் உள்ள சிம்மக்கல்லுக்கு நேர்ப் பேருந்து இருக்க வேண்டும் என்று பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். விளாங்குடி ஒத்தக்கடைக்கு எதிர்த்திசை, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கடைசியில் எஞ்சியது வடக்கு.

பெயருக்குள் இருக்கும் தண்ணீர்

வைகைக்கு வடக்கே உள்ள ஊர்ப் பெயர்களை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், பீபிகுளம், கோசாகுளம், ஊமச்சிகுளம், கடச்சனேந்தல், உலகனேரி, மேலமடை. குளம், ஏந்தல், ஏரி, மடை. ஆற்றுக்குத் தெற்கே மேற்குப் பக்கம் போனால் அச்சம்பத்து, விராட்டிபத்து என்று 'பத்து' சேர்ந்த வயல் பெயர்கள். நம் தாத்தாக்கள் தண்ணீர் எங்கே நின்றது, எங்கே பாய்ந்தது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயரில் குளம் இருந்தால் வீடு முங்கும் என்று பொருளல்ல. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று பொருள்.

மதுரைக் கண்மாய்கள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேல்கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்னும் வழிந்தோடி வழியே மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்கு வரும், அது நிரம்பினால் அடுத்ததற்கு, கடைசியில் வைகைக்கு. நம் தெருவில் தூறலே இல்லாத நாளிலும் எங்கோ பெய்த மழை நம் வாசலுக்கு வரலாம். 2024 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூரும் பீபிகுளமும் முல்லை நகரும் தத்தளித்ததற்குக் காரணம் மழை மட்டுமல்ல. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்குப் போகும் பந்தல்குடி வாய்க்கால் அவ்வளவு தண்ணீரை ஏற்றுக்கொள்ளும் அகலத்தில் இல்லை.

கண்மாயைப் பொறுத்து வீடு இரண்டு விதமாக மாட்டிக்கொள்ளும். நீர்ப்பிடிக்குள் கட்டிய வீட்டில் தண்ணீர் மெதுவாக ஏறும், ஏறினால் வாரக்கணக்கில் நிற்கும். கரைக்குக் கீழே பழைய ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்ந்த வயலில், கட்டிய வீட்டில் தண்ணீர் ஒரு ராத்திரியில் வேகமாக வந்து வேகமாக வடியும், ஆனால் வரும்போது சேற்றையும் சாக்கடையையும் கூடத்துக்குள் கொண்டுவந்து போடும். தரகர் "இங்க தண்ணி நிக்காதுண்ணே" என்றால் அது உண்மையாகவே இருக்கலாம். நிற்காது. வருமா என்று கேட்க வேண்டும்.

இவர்களுக்கு முதலில் பிடித்துப்போன வீடு இந்த இரண்டாவது வகை. வடக்கே ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே உள்ள விரிவாக்கம். மூன்று சென்ட் மனை, புதுப்பெயிண்ட், 58 லட்சம். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கைவசம் வைத்திருந்தார் விற்பவர். மார்ச் மாதம், தெரு காய்ந்து கிடந்தது. ஒரு லட்சம் டோக்கன் முன்பணம் கொடுக்கும் முன் மூன்று வேலை செய்தார்கள்.

முதல் வேலை, தெருவை நடந்து பார்ப்பது. வீட்டை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தைப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் மின் மீட்டர் பெட்டி பழைய இடத்திலிருந்து கழற்றி ஓர் ஆள் உயரத்துக்கு ஏற்றி மாட்டப்பட்டிருந்தது, பழைய திருகாணித் துளைகள் கீழே அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டு மோட்டார் தரையில் இல்லை, நான்கு ஹாலோ பிளாக் அடுக்கி அதன் மேல் இருந்தது. மூன்று வீட்டு இரும்பு கேட்டில் அடியிலிருந்து ஒரே உயரம் வரை துரு, அதற்கு மேல் பெயிண்ட் நன்றாக இருந்தது. கடைசியாகக் கட்டிய வீட்டின் பேஸ்மெண்ட் மட்டும் மற்றவற்றைவிட இரண்டடி கூடுதல். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவே சொல்லிவிட்டது.

இரண்டாவது வேலை, மட்டம் பிடிப்பது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: உள்ளே தெரியும் அரை அங்குல பிளாஸ்டிக் குழாய், 15 மீட்டர் நீளம், உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர். இரு முனையிலும் தண்ணீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். கேட்டுக்கு எதிரே சாலை நடுவில் ஓர் அளவுகோல், குழாய் எட்டும் தூரத்தில் இன்னொன்று. இரண்டிலும் தண்ணீர் நிற்கும் உயரத்தைக் குறித்து, வித்தியாசத்தை எழுதி, அந்த இடத்திலிருந்து அடுத்த நகர்த்தல். இப்படியே மெயின் ரோடு வரை. குமிழி இருந்தால் அளவு பொய்யாகிவிடும். ஆகவே ஒவ்வொரு பத்து நகர்த்தலுக்கும் இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். தூரம் 200 மீட்டரைத் தாண்டினால் சர்வேயரை வைத்து டம்பி லெவலில் பார்ப்பதே மேல்.

அளந்து வந்த கணக்கு இது. வீட்டின் தளம் வாசல் சாலையைவிட 45 சென்டிமீட்டர் உயரம். பார்வைக்கு நல்ல உயரம்தான். ஆனால் வாசல் சாலை, மெயின் ரோட்டைவிட 62 சென்டிமீட்டர் பள்ளம். வடிகால் அடைத்துக்கொண்டால் தெருவில் சேரும் தண்ணீர் மெயின் ரோட்டைத் தாண்டி வெளியே போக 62 சென்டிமீட்டர் ஏற வேண்டும். அதற்குள் கூடத்தில் 17 சென்டிமீட்டர் நிற்கும். கட்டில் கால் நனையும், ஃப்ரிட்ஜ் மோட்டார் நனையும், தரையோரம் ஓடும் வயர் இணைப்புகள் நனையும். வாசல் படியின் எண்ணிக்கையை வைத்து உயரத்தை நம்புகிறவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது அளவைத்தான்.

மூன்றாவது வேலை, புலப்படம். சர்வே எண்ணுக்குரிய எஃப்.எம்.பி. என்னும் புல அளவைப் படமும், நிலம் எந்த வகை என்று சொல்லும் ஏ பதிவேட்டுப் பகுதியும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே கிடைக்கும். நம் சர்வே எண்ணின் படத்தை மட்டும் எடுத்தால் போதாது, நான்கு பக்கமும் ஒட்டியுள்ள எண்களையும் எடுக்க வேண்டும். ஒரு புலத்தின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைப் பக்கத்துப் புலத்தின் படம்தான் காட்டும். இந்த வீட்டின் பின்பக்கத்துச் சர்வே எண் ஏ பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு' என்றிருந்தது. படத்தில் அந்த இடத்தில் ஓடையின் அகலம் 6.4 மீட்டர். நேரில் போய்ப் பார்த்தால் 1.2 மீட்டரில் ஒரு சிமெண்ட் சாக்கடை. மீதி ஐந்து மீட்டர் எங்கே? இருபக்கத்துக் கொல்லைகளிலும் இருந்தது. இந்த வீட்டின் பின்சுவர் மட்டும் 80 சென்டிமீட்டர் உள்ளே போயிருந்தது.

இதில் இரண்டு ஆபத்து. மறுகால் வந்தால் ஆறு மீட்டரில் போக வேண்டிய தண்ணீர் ஒரு மீட்டரில் போகாது. என்றைக்காவது ஆக்கிரமிப்பு அகற்ற வந்தால் பின்சுவரோடு செப்டிக் டேங்கும் போகும். நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை ஆண்டு இருந்தாலும், வீட்டுவரி ரசீது எத்தனை வைத்திருந்தாலும் உரிமை ஏற்படாது. 'பட்டா சுத்தமாக இருக்கிறது' என்று விற்பவர் சொன்னதும் பொய்யில்லை. பட்டா உள்ள நிலத்துக்குப் பட்டா சுத்தம். சுவர்தான் பட்டாவைத் தாண்டி நின்றது. டோக்கன் கொடுக்கவில்லை.

வரும் தண்ணீர்

போகிற தண்ணீருக்குப் பிறகு வருகிற தண்ணீர். 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகி 148 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. ஆனையூர், திருப்பரங்குன்றம், அவனியாபுரம் நகராட்சிகளும் திருநகர், விளாங்குடி போன்ற பேரூராட்சிகளும் திருப்பாலை போன்ற ஊராட்சிகளும் அப்போது உள்ளே வந்தவை. வார்டு எண் வந்த வேகத்தில் குழாய் வரவில்லை. பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து நாளுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் இந்தக் குறையைத் தீர்க்கப் போட்டதுதான். ஆனாலும் தெருவுக்குத் தெரு நிலைமை வேறு. பக்கத்து வீட்டில் 'கார்ப்பரேஷன் தண்ணி வருதா' என்று கேட்டால் 'வருது' என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மோட்டார் போடாமல் சம்ப் என்னும் தரைக்கடித் தொட்டியில் விழுகிறதா, போன சித்திரையில் எத்தனை லாரி வாங்கினீர்கள் என்று ஐந்தாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் ஆறு பேருக்கு நாளுக்கு 810 லிட்டர். நான்கு நாளைக்கு ஒரு முறை வரும் தெருவில் 3,240 லிட்டர் சேமிப்பு வேண்டும். சம்ப் 2,000 லிட்டர்தான் என்றால் மூன்றாம் நாள் பாதியிலிருந்தே ஆழ்துளைப் போர்த்தண்ணீரில்தான் சமையல்.

போர்த்தண்ணீரைச் சோதிக்கச் சரியான மாதம் வைகாசி. கார்த்திகையில் எல்லாப் போரிலும் தண்ணீர் ஓரளவு நன்றாகவே இருக்கும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சுத்தமான கேனில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுக்கலாம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. கடினத்தன்மை 200, கூடிப்போனால் 600. நைட்ரேட் மட்டும் 45-ஐத் தாண்டவே கூடாது, அதற்கு விலக்கே கிடையாது. நைட்ரேட் ஏறியிருந்தால் பெரும்பாலும் செப்டிக் டேங்கின் கசிவு. போருக்கும் செப்டிக் டேங்குக்கும் 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள். மூன்று சென்ட் என்பது 1,307 சதுர அடி. முப்பதடி அகல மனையில் நம் செப்டிக் டேங்கை ஒரு மூலைக்குத் தள்ளினாலும் பக்கத்து வீட்டுக்காரருடையது நம் போரிலிருந்து பத்தடியில் இருக்கும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத நெருக்கமான தெருவில் ஆழமற்ற போரை நம்பக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். உப்பை ஆர்.ஓ. எடுத்துவிடும். ஆனால் குளிக்கும் தண்ணீருக்கும் துவைக்கும் தண்ணீருக்கும் யாரும் ஆர்.ஓ. வைப்பதில்லை.

திருப்பாலை வீடு

இவர்கள் கடைசியாக வாங்கியது திருப்பாலைப் பக்கம், மூன்றரை சென்ட் மனை, 2009-இல் கட்டிய 1,150 சதுர அடித் தரைத்தளம், மாடியில் ஓர் அறை. கேட்ட விலை 64, முடிந்தது 60 லட்சத்து 50 ஆயிரம்.

இடத்தைப் பற்றி முதலில். நத்தம் சாலையில் தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் 2023-இல் திறந்தார்கள். மனை விளம்பரம் எல்லாவற்றிலும் அந்தப் பாலம் வரும். பாலம் நம் தலைக்கு மேலே போகிறது என்பதற்காக அது நமக்கு உதவும் என்று சொல்ல முடியாது. ஏறும் இடமும் இறங்கும் இடமும் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், கீழ்ச்சாலையில் திரும்ப எங்கே வழி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஆட்டோவில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ராத்திரி 10 மணிக்கு 17 நிமிடம், காலை எட்டரைக்கு 34 நிமிடம். கூகுள் மேப் காலை நேரத்துக்குச் சொன்னது 22. ஒத்தக்கடைக்கு மூன்றுமாவடி, மாட்டுத்தாவணி வழியாக ஊருக்குள் நுழையாமல் போகலாம். ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் நாட்களில் மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வரை அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டம், அந்த வழியை மறந்துவிட வேண்டும். அழகர்கோவில் சாலையிலேயே வீடு பார்ப்பவர்கள் அந்த இரண்டு நாளுக்கும் வீட்டு நோயாளிக்கு என்ன வழி என்று முன்னமே யோசித்து வைக்க வேண்டும்.

மார்ச்சில் பார்த்த வீட்டை அக்டோபரில் அடைமழை பிடித்த ஒரு மாலையில் போய்ப் பார்த்தார்கள். தெருவில் கணுக்கால் அளவு ஓடியது, நிற்கவில்லை. மழை விட்டு 40 நிமிடத்தில் வடிந்தது. தளம் வாசல் சாலையைவிட 52 சென்டிமீட்டர், வாசல் சாலை வடிகால் பாலத்தைவிட 20 சென்டிமீட்டர் மேடு. வீடு விற்றுப்போய்விடும் என்ற பயத்தில் மழைக்குக் காத்திருக்காதவர்கள் நிறையப் பேர். இவர்கள் பயந்த ஏழு மாதத்தில் அந்த வீடு விற்கவில்லை. விற்றிருந்தாலும் நஷ்டம் ஒரு வீடுதான்.

பத்திரம் பார்த்ததில் சிக்கல் இரண்டு வந்தன. 2009-இல் இது ஊராட்சி. வீட்டுக்கு ஊராட்சி அனுமதி இருந்தது, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகார எண் உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லா மனையை அதற்கான விதிப்படி வரன்முறைப்படுத்தலாம் என்றாலும் அது தானாக நடப்பதல்ல, கட்டணம் கட்டி ஆணை வாங்கியிருக்க வேண்டும். இங்கே விற்பவர் அந்த ஆணையை வாங்கி வைத்திருந்தார். மனைப்பிரிவு வரைபட நகலில் பூங்கா என்று காட்டிய துண்டும் தெருக்களும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் வக்கீல் பார்த்தார். எழுதிக் கொடுக்காத தெருவுக்கு மாநகராட்சி விளக்கும் போடாது, வடிகாலும் கட்டாது.

வடக்கிலும் கிழக்கிலும் கோயில் இனாம் நிலங்கள் நிறைய. ஏ பதிவேட்டிலும் மூலப்பத்திரத்திலும் கோயிலுக்கு விட்ட நிலத்தைக் குறிக்கும் 'தேவதாயம்' என்ற சொல் கண்ணில் பட்டால், இணையத்தில் வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் அங்கேயே நிறுத்தி வக்கீலிடம் போக வேண்டும். ஒப்படை நிலம் (அரசு நிபந்தனையோடு கொடுத்தது), பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கியது) என்று குறிப்பிருந்தாலும் அப்படியே. வில்லங்கம் 30 ஆண்டுக்குக் குறையாமல் பார்க்க வேண்டும். பதிவாகாத குடும்பப் பாகமும் உயிலும் அதில் தெரியாது என்பதால் வாரிசுச் சான்றையும் தனியாகக் கேட்டு வாங்கினார்கள்.

இரண்டாவது சிக்கல் மாடி அறை. அதற்கு அனுமதி இல்லை. வங்கி மதிப்பீட்டாளர் 300 சதுர அடி அறையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. விலையில் மூன்றரை லட்சம் குறைந்ததற்குக் காரணம் இதுதான், பேரம் பேசும் சாமர்த்தியம் இல்லை. விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் விற்பவருக்குக் கொடுப்பதில் ஒரு விழுக்காடு, 60,500 ரூபாயை, வருமானவரியாகப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. பணம் கொடுத்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டியும் தாமதக் கட்டணமும் வாங்கியவர் தலையில் விழும். இதைப் பத்திர எழுத்தர் எல்லோரும் நினைவுபடுத்துவதில்லை.

தவறவிட்டவை

குடிபோன பிறகு தெரிந்தவை மூன்று. தெருக்கோடியில் ஒரு திருமண மண்டபம். பார்க்கப் போன நாட்களில் ஒன்றுகூட முகூர்த்த நாள் இல்லை. ஆவணியிலும் தையிலும் விடிகாலை நாலரைக்கு நாதஸ்வரம், வாசலில் வேன். நாட்காட்டியைப் பார்த்து ஒரு வளர்பிறை முகூர்த்த நாளில் போயிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பாதாளச் சாக்கடைக் குழாய் தெருவில் இருந்தது, மூடிகளும் இருந்தன. வீட்டு இணைப்பு கொடுக்கப்படவில்லை. மூடியைப் பார்த்து இணைப்பு இருக்கிறது என்று எண்ணிவிட்டார்கள். செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய லாரி கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. இணைப்புக் கட்டணம் கட்டிய ரசீதை விற்பவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது. இரண்டாம் ஆண்டு தெருவுக்குப் புதுச்சாலை போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டதில் சாலை 8 சென்டிமீட்டர் உயர்ந்தது. அளந்து வைத்திருந்த 52 இப்போது 44. இன்னும் இரண்டு முறை இப்படிப் போட்டால் 30-க்குக் கீழே வந்துவிடும். ஒவ்வொரு பழைய தெருவிலும் வீட்டுக்குள் இறங்கிப் போகும்படி ஆன வாசல்கள் உருவானது இப்படித்தான். சுரண்டிவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும் என்பது அரசே சொல்லியிருக்கும் விதி. வேலை தொடங்கும் முன்பே தெருக்காரர்கள் சேர்ந்து வார்டு பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்தால்தான் அது நடக்கும், போட்டு முடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பக்கத்துத் தெருவுக்குச் சாலை வேலை வரப்போகிறது என்று தெரிந்ததும் இவர்கள் அங்கே உள்ளவர்களைக் கூட்டி மனு எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் இயந்திரம் வைத்துச் சுரண்டிய பிறகே தார் விழுந்தது. தங்கள் வாசல் தூணில் தாத்தா ஆணியால் கீறி, பெயிண்ட் தொட்டு இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்: மேலே தளமட்டம், கீழே சாலைமட்டம், பக்கத்தில் தேதியும் 44 என்ற எண்ணும்.